போர்ஷே 924: யாருக்கோ வரைந்த கார், போர்ஷேயைக் காப்பாற்றிய கதை

கேள்வி இது: “போர்ஷே 924 உண்மையில் ஃபோக்ஸ்வாகனுக்காக வடிவமைத்த கார் என்கிறார்கள். வேன் என்ஜினைப் போட்டு விற்றார்கள் என்றும் சொல்கிறார்கள். பின்னால் என்ஜின் வைப்பதையே அடையாளமாகக் கொண்ட கம்பெனி, விலை குறைந்த காருக்கு மட்டும் ஏன் முன்னால் என்ஜின் வைத்தது? அது உண்மையான போர்ஷேதானா?”

ஃபோக்ஸ்வாகனுக்காக வடிவமைத்தது என்பது உண்மை. வேன் என்ஜின் என்பது பாதி உண்மை. கடைசிக் கேள்விக்கு என் பதில், ஆம், முழுக்க முழுக்க போர்ஷேதான். எந்தப் பாகம் எங்கிருந்து வந்தது என்று பார்த்தால் இது புரியாது. அந்தப் பாகங்களை எந்த இடத்தில் வைத்தார்கள், ஏன் வைத்தார்கள் என்று பார்க்க வேண்டும். அதற்குக் கொஞ்சம் பின்னோக்கிப் போகலாம்.

1960களின் பிற்பாதியில் போர்ஷேக்கு ஒரு சிக்கல். 356 என்ற பழைய மாடல் போய், பின்னால் என்ஜின் வைத்த 911 வந்துவிட்டது. 911-இன் விலை பலருக்கு எட்டவில்லை. அதற்குக் கீழே விற்க ஒரு கார் வேண்டும். ஃபோக்ஸ்வாகனுக்கும் கார்மன் கியா என்ற தன் பழைய காருக்குப் பதிலாக ஒரு ஸ்போர்ட்ஸ் கார் தேவைப்பட்டது. ஃபோக்ஸ்வாகன் தலைவர் ஹைன்ரிஷ் நோர்ட்ஹோஃபும் ஃபெர்ரி போர்ஷேயும் வாய்மொழியாகவே ஓர் உடன்பாட்டுக்கு வந்தார்கள். அதில் பிறந்ததுதான் நடுவில் என்ஜின் வைத்த 914. ஆனால் 1968-இல் நோர்ட்ஹோஃப் இறந்துவிட்டார். அவருக்குப் பின் வந்த குர்ட் லோட்ஸ், எழுத்தில் இல்லாத ஒப்பந்தத்துக்குத் தான் கட்டுப்பட்டவர் அல்ல என்ற நிலையை எடுத்தார். போர்ஷேக்கு வரும் பாடியின் விலை ஏறியது. ஆறு சிலிண்டர் 914/6-இன் விலை கீழ்நிலை 911-ஐ நெருங்கிவிட்டது, அதை வாங்கியவர்கள் மிகக் குறைவு. நான்கு சிலிண்டர் 914 நன்றாக விற்றது, என்றாலும் ஐரோப்பாவில் அது “ஃபோக்ஸ்வாகன்-போர்ஷே” என்ற இரட்டைப் பெயரோடுதான் விற்பனைக்கு வந்தது.

அந்தக் காலத்துப் போர்ஷேயைப் பற்றி ஒன்று தெரிந்தால்தான் மேற்கொண்டு புரியும். கார் விற்பது அதன் தொழிலில் ஒரு பகுதி மட்டுமே. ஃபோக்ஸ்வாகனுக்காக ஆராய்ச்சியும் வடிவமைப்பும் செய்து கொடுத்து வாங்கும் பணம் இன்னொரு பெரிய வருமானம். பீட்டிலுக்கு வாரிசாக போர்ஷே உருவாக்கிக்கொண்டிருந்த ஈஏ 266 என்ற காரை, 1971-இல் ஃபோக்ஸ்வாகனுக்குப் புதிய தலைவராக வந்த ருடால்ஃப் லைடிங் நிறுத்திவிட்டார். பின் இருக்கைக்கு அடியில் என்ஜினைப் படுக்க வைத்த விசித்திரமான கார் அது. பீட்டிலின் இடத்துக்கு முன்னால் என்ஜின், முன்சக்கர இயக்கம் கொண்ட கோல்ஃப் வரப்போகிறது என்று முடிவாகியிருந்தது. அப்படிப் போன வேலைக்குப் பின் போர்ஷேயின் கைக்கு வந்த வேலைதான் ஈஏ 425. ஃபோக்ஸ்வாகன் குழுமத்துக்காக ஒரு ஸ்போர்ட்ஸ் கார், 914-இன் இடத்தை நிரப்ப.

நிபந்தனை கடுமையானது. குழுமத்தில் ஏற்கனவே தயாராகும் பாகங்களை முடிந்தவரை பயன்படுத்த வேண்டும், விலை குறைவாக இருக்க வேண்டும். போர்ஷே பொறியாளர்கள் தங்கள் இஷ்டத்துக்கு ஒரு என்ஜினையோ கியர்பாக்ஸையோ வரைய முடியாது. 924-ஐ “கண்ட பாகங்களை ஒட்டிய கார்” என்று குறை சொல்பவர்கள் கவனிக்க வேண்டிய இடம் இது. போர்ஷே செலவை மிச்சம் பிடிக்க இப்படிச் செய்யவில்லை, அவர்களுக்குக் கொடுத்த வேலையே அதுதான்.

இனி என்ஜின் ஏன் முன்னால் போனது என்பது. மூன்று காரணங்கள் ஒரே சமயத்தில் ஒரே திசையில் இழுத்தன. அமெரிக்கா அப்போது போர்ஷேயின் மிகப் பெரிய சந்தை. அங்கே மோதல் பாதுகாப்பு, புகை, சத்தம் என்று விதிகள் ஆண்டுக்கு ஆண்டு இறுகிக்கொண்டிருந்தன, காற்றால் குளிரும் பின்புற என்ஜினுக்கு எதிர்காலம் இருக்குமா என்ற பயம் போர்ஷேயின் தலைமையகம் இருக்கும் ஸ்டட்கார்ட்டில் நிஜமாகவே இருந்தது. அடுத்து, ஃபோக்ஸ்வாகனே காற்றுக் குளிர்விப்பை விட்டுத் தண்ணீருக்கு மாறிக்கொண்டிருந்தது, கடன் வாங்கக் கிடைக்கும் புதிய என்ஜின் தண்ணீரால் குளிர்வதுதான். மூன்றாவது, 1972-இல் போர்ஷே குடும்பத்தினர் நிர்வாகத்திலிருந்து விலகி, எர்ன்ஸ்ட் ஃபூர்மன் பொறுப்புக்கு வந்தார். 1950களில் புகழ்பெற்ற நான்கு கேம்ஷாஃப்ட் கரேரா என்ஜினை வடிவமைத்தவர் அவர். 911-க்கு ஆயுள் முடிந்துவிட்டது, அடுத்தது முன்னால் வி8 (எட்டு சிலிண்டர்) என்ஜின் வைத்த 928 என்பது அவருடைய திடமான நம்பிக்கை. 928 வேலை ஏற்கனவே ஓடிக்கொண்டிருந்தது. அதே சிந்தனை சின்ன காரிலும் வந்தது இயல்பு.

இப்போது எனக்கு மிகவும் பிடித்த பகுதிக்கு வருகிறேன். ஸ்போர்ட்ஸ் கார் என்பதால் பின்சக்கர இயக்கம் வேண்டும். ஆனால் ஃபோக்ஸ்வாகன் குழுமத்தில் முன்னால் என்ஜின், பின்சக்கர இயக்கம் கொண்ட கார் ஒன்றுகூட இல்லை. அதனால் அதற்கேற்ற கியர்பாக்ஸும் இல்லை, பின் அச்சும் இல்லை. இருந்ததெல்லாம் அதே குழுமத்தைச் சேர்ந்த ஆடியின் முன்சக்கர இயக்கக் காரின் கியர்பாக்ஸ், டிஃபரன்ஷியலும் (இரு சக்கரங்களுக்கும் சக்தியைப் பிரித்துக் கொடுக்கும் பாகம்) அதே உறைக்குள் அடங்கியது. ஆடி 100-இல் என்ஜின் நீளவாக்கில் முன்னால் இருக்கும், அதையொட்டி டிஃபரன்ஷியல், அதற்குப் பின்னால் கியர்கள். போர்ஷே செய்தது என்னவென்றால், அந்த வரிசையை மாற்றாமல், என்ஜினுக்கும் கியர்பாக்ஸுக்கும் நடுவே இடைவெளியை மட்டும் நீட்டிவிட்டது. என்ஜின் முன்னாலேயே இருந்தது, கியர்பாக்ஸும் டிஃபரன்ஷியலும் பின்சக்கரங்களுக்குப் போய்விட்டன. இரண்டையும் ஒரு கனமான எஃகுக் குழாய் இணைத்தது. அந்தக் குழாய்க்குள், பேரிங்குகளின் மேல், மெல்லிய ஒரு தண்டு என்ஜின் வேகத்திலேயே சுழன்றது. கிளட்ச் முன்னால் என்ஜினோடு இருந்தது.

கியர்பாக்ஸைப் பின்னால் வைப்பதை போர்ஷே கண்டுபிடிக்கவில்லை. 1950-இல் லான்சியா ஆரேலியாவில் வந்துவிட்டது, 1972-இல் ஆல்ஃபா ரோமியோ ஆல்ஃபெட்டாவிலும் இருந்தது. ஆனால் அவர்கள் அதற்கென்றே பாகங்களை வடிவமைத்தார்கள். போர்ஷே, முன்சக்கரக் காருக்காகச் செய்த ஒரு பாகத்தை வைத்து இதைச் சாதித்தது. எடை முன்னும் பின்னும் கிட்டத்தட்ட சமமாகப் பிரிந்தது. கனமான இரண்டு பொருள்களும் காரின் இரு முனைகளில் இருப்பதால், வளைவில் வண்டி சட்டென்று திசை மாறாமல் நிதானமாகத் திரும்பும், நேர்ச்சாலையில் அசையாமல் போகும். அக்காலத்து 911-இல் வளைவின் நடுவே ஆக்சிலரேட்டரை விட்டால் பின்பக்கம் சுழன்றுகொண்டு முன்னே வரும். 924-இல் அந்தப் பயம் இல்லை. சாதாரண ஓட்டுநர் ஒருவர் வேகமாகவும் பாதுகாப்பாகவும் ஓட்டக்கூடிய முதல் போர்ஷே என்று அதைச் சொன்னால் மிகையில்லை என்றே நினைக்கிறேன்.

மற்ற பாகங்களும் இதே கதைதான். முன் சஸ்பென்ஷனின் கீழ்க் கைகளும் ஸ்டியரிங்கும் கோல்ஃப் குடும்பத்திலிருந்து வந்தன. பின்னால் ஸ்பிரிங்காக வேலை செய்யும் டார்ஷன் பாரும், சக்கரத்தைத் தாங்கும் செமி டிரெயிலிங் ஆர்மும் பீட்டிலின் கடைசித் தலைமுறையிலிருந்து வந்தன. முன்னால் டிஸ்க் பிரேக், பின்னால் டிரம். கதவுக் கைப்பிடி வரைக்கும் ஃபோக்ஸ்வாகன்தான்.

என்ஜின் பற்றி விரிவாகச் சொல்ல வேண்டும், ஏனென்றால் “வேன் என்ஜின்” என்ற கேலி அங்கேதான் பிறந்தது. ஆடி வடிவமைத்த 1984 சிசி நான்கு சிலிண்டர், வார்ப்பிரும்பு பிளாக், அலுமினிய ஹெட், மேலே ஒற்றைக் கேம்ஷாஃப்ட். அதே பிளாக், கார்பரேட்டரோடு, குறைந்த சக்தியில், ஃபோக்ஸ்வாகனின் எல்டி வேனில் ஓடியது உண்மை. ஆடி 100-லும் ஓடியது. அமெரிக்காவில் ஏஎம்சி கார்களிலும் போய் உட்கார்ந்தது. ஆனால் 924-இல் அதற்கு பாஷ் கே-ஜெட்ரானிக் ஃபியூவல் இன்ஜெக்‌ஷன் கொடுத்து 125 குதிரைத்திறன் எடுத்தார்கள். பானெட்டைத் தாழ்வாக வைக்க என்ஜினையே 40 டிகிரி ஒரு பக்கம் சாய்த்துப் பொருத்தினார்கள். ஒரே பிளாக்கைப் பல வண்டிகளில் போடுவது இந்தத் தொழிலில் எப்போதும் நடப்பது, அதில் வெட்கப்பட ஒன்றுமில்லை. நியாயமான குறை வேறு: வேகம் ஏற ஏற என்ஜின் கரகரத்தது, அதிர்ந்தது, அந்த விலைக்கு எதிர்பார்க்கும் மென்மை அதில் இல்லை. இந்தக் குறையை அன்றைய சோதனை ஓட்டுநர்கள் சரியாகவே சொன்னார்கள்.

தோற்றத்தை வரைந்தவர் ஹார்ம் லகாய் என்ற டச்சுக்காரர், அனடோல் லாப்பீன் தலைமையிலான குழுவில். முன்னால் கிரில் இல்லை, ரேடியேட்டருக்குக் காற்று பம்பருக்குக் கீழிருந்து போகிறது. விளக்குகள் தேவைப்படும்போது மட்டும் எழும். பின்னால் முழுக்க வளைந்த கண்ணாடிக் கதவு. காற்றுத் தடைக் குணகம் 0.36, அன்றைக்கு மிக நல்ல எண். 125 குதிரைத்திறனில் மணிக்கு 200 கி.மீ. தொட்டதற்கு அந்த வடிவம்தான் முக்கியக் காரணம். ஐம்பது வருடம் கழித்துப் பார்த்தாலும் தேவையில்லாத ஒரு கோடு அதில் எனக்குத் தெரியவில்லை.

சரி, கார் ஏறக்குறைய தயார். அப்போதுதான் எல்லாம் கவிழ்ந்தது.

1973 அக்டோபரில் எண்ணெய் நெருக்கடி. ஜெர்மனியில் ஞாயிற்றுக்கிழமைகளில் கார் ஓட்டவே தடை விதித்தார்கள். 1974-இல் ஃபோக்ஸ்வாகனுக்கு 80 கோடி மார்க்குக்கும் மேல் நஷ்டம். லைடிங் போனார், 1975 தொடக்கத்தில் டோனி ஷ்முக்கர் வந்தார். அவர் பார்வையில் ஈஏ 425 ஒரு வீண் செலவு. கோல்ஃபின் பாகங்களில் செய்த ஷிரோக்கோ கூப்பே 1974-லேயே வந்துவிட்டது, இன்னொரு ஸ்போர்ட்ஸ் கார் எதற்கு? திட்டத்தை நிறுத்தினார்.

போர்ஷேக்கு இது இரட்டை அடி. 914 முடியப்போகிறது, அதற்குப் பதில் எதுவும் இல்லை. 928 இன்னும் தயாராகவில்லை, தயாரானாலும் மிக விலை உயர்ந்தது. 911 ஒன்றை மட்டும் வைத்துக் கம்பெனி எவ்வளவு நாள் நிற்கும்? ஆகவே போர்ஷே தானே வடிவமைத்த காரை ஃபோக்ஸ்வாகனிடமிருந்து விலை கொடுத்துத் திரும்ப வாங்க முன்வந்தது. பொதுவாகச் சொல்லப்படும் தொகை 10 கோடி மார்க், ஃபோக்ஸ்வாகன் அதற்குள் செலவழித்ததை விடக் குறைவு.

ஃபோக்ஸ்வாகன் ஏன் சம்மதித்தது? விடை நெக்கர்சுல்ம் என்ற ஊரில் இருக்கிறது. பழைய என்எஸ்யூ கம்பெனியின் தொழிற்சாலை அங்கே இருந்தது, இப்போது ஆடியின் கீழ். அதை மூடிவிடலாம் என்ற பேச்சு அடிபட்டது. 1975 ஏப்ரலில் ஆயிரக்கணக்கான தொழிலாளர்கள் அங்கிருந்து ஹைல்பிரானுக்கு ஊர்வலமாக நடந்தார்கள். அந்த ஆலைக்கு ஏதாவது வேலை தேவைப்பட்டது. போர்ஷேயின் சொந்த ஆலையிலோ இத்தனை கார்களைக் கட்ட இடமில்லை. ஆகவே கார் போர்ஷேயுடையது, ஆனால் போர்ஷேயின் மேற்பார்வையில் நெக்கர்சுல்மில் ஆடி தொழிலாளர்கள் கட்டுவார்கள் என்று முடிவானது. அந்த ஆலை இன்றும் இயங்குகிறது. 924 மட்டுமே அதைக் காப்பாற்றியது என்று சொல்ல மாட்டேன், ஆனால் மிக மோசமான நேரத்தில் அதற்குக் கிடைத்த வேலைகளில் இதுவும் ஒன்று.

1975 நவம்பரில் தெற்கு பிரான்ஸின் லா கிராண்ட் மோட்டில் பத்திரிகையாளர்களுக்குக் காரைக் காட்டினார்கள். 928-க்குப் பின்னால் வர வேண்டிய கார் அதற்கு முன்பே வந்துவிட்டது. ஆக, தெருவுக்கு வந்த, முன்னால் என்ஜின் வைத்த முதல் போர்ஷே, முதல் தண்ணீர்க் குளிர்விப்புப் போர்ஷே, இந்த “ஃபோக்ஸ்வாகன் கார்”தான். 928 வந்தது 1977-இல்.

அமெரிக்காவில் ஆரம்பம் சுமார். அங்கத்திய புகை விதிகளுக்காக என்ஜினை இறுக்கியதில் 95 குதிரைத்திறன்தான் மிஞ்சியது, விலையோ 9,395 டாலர். நான்கு கியர், கரகரக்கும் என்ஜின், போர்ஷே முத்திரை. ஒரு ஜப்பானிய டாட்சன் இசட் வாங்கினால் குறைந்த விலையில் ஆறு சிலிண்டரே கிடைக்குமே என்று வாங்குபவர்கள் யோசித்தது இயல்பு. சீக்கிரமே 110-ஆக ஏற்றினார்கள், ஐந்து கியர் வந்தது. இத்தனைக்கும் நடுவில் கார் விற்றது. முதல் ஆண்டுகளில் 911-ஐ விட அதிகமாகவே விற்றது. அந்தப் பணம் இல்லாமல் 1970களின் கடைசியை போர்ஷே எப்படித் தாண்டியிருக்கும் என்று எனக்குக் கற்பனை செய்ய முடியவில்லை.

போர்ஷே கையில் வந்த பிறகு நடந்ததுதான் “உண்மையான போர்ஷேயா” என்ற கேள்விக்கு நேரடி விடை. 1978 கடைசியில் 924 டர்போ. பிளாக் பழையது, ஹெட் போர்ஷேயே புதிதாகச் செய்தது. இந்த என்ஜினை ஸ்டட்கார்ட்டில் போர்ஷே ஆலையில் கோத்தார்கள். 170 குதிரைத்திறன், நான்கு சக்கரங்களிலும் டிஸ்க் பிரேக், டர்போவுக்குக் காற்றுக் கொடுக்க பானெட்டில் ஒரு பள்ளம். அருமையான கார், ஆனால் பராமரிப்பில் கவனம் கேட்கும். வேகமாக ஓட்டிவிட்டு உடனே என்ஜினை அணைத்தால், கொதிக்கும் டர்போவில் தேங்கிய ஆயில் கருகிவிடும். அன்றைய டர்போக்கள் எல்லாவற்றுக்கும் இருந்த நோய் அது.

அதிலிருந்து 1980-இல் கரேரா ஜிடி. டர்போவிலிருந்து வரும் காற்றைக் குளிர்விக்கும் இன்டர்கூலரோடு 210 குதிரைத்திறன், புடைத்த மட்கார்டுகள். பந்தய அனுமதிக்கு 400 கார்கள் கட்ட வேண்டும் என்பது விதி, 406 கட்டினார்கள். அந்த ஆண்டு லு மான் 24 மணி நேரப் பந்தயத்துக்கு, வேனின் பிளாக் என்று கேலி செய்த அதே அடித்தளத்திலிருந்து 320 குதிரைத்திறன் எடுத்து, மூன்று கார்களை அனுப்பினார்கள். ஜெர்மனியின் பெயரில் ஒன்று, பிரிட்டனின் பெயரில் ஒன்று, அமெரிக்காவின் பெயரில் ஒன்று. மூன்றும் பந்தயத்தை முடித்தன, ஆறாவது, பன்னிரண்டாவது, பதின்மூன்றாவது இடங்களில். 24 மணி நேரம் முழு வேகத்தில் ஓடிய பிறகு மூன்றுமே கோட்டைத் தொட்டது சாதாரணமல்ல.

அடுத்த ஆண்டு லு மானில் இன்னொரு கார் ஏழாவது வந்தது, வால்டர் ரோர்லும் யூர்கன் பார்த்தும் ஓட்டினார்கள். பார்ப்பதற்கு 924 போலவே இருந்தாலும் உள்ளே போர்ஷேயின் புத்தம் புதிய 2.5 லிட்டர் என்ஜின். அதுதான் 944-இன் முன்னோட்டம்.

944 என்ஜினின் அடிப்படை 928-இன் வி8-இல் ஒரு பாதி என்று பொதுவாகச் சொல்வார்கள், அளவில் அது சரி, பாகங்கள் பெரும்பாலும் புதியவை. இதற்கு முன் பெஷோ, ரெனோ, வோல்வோ மூன்றும் சேர்ந்து செய்த வி6-ஐ வாங்கிப் போடலாமா என்றும் பரிசீலித்து விட்டுவிட்டார்கள். 2.5 லிட்டர் என்பது நான்கு சிலிண்டருக்குப் பெரிய அளவு. பிஸ்டன்கள் ஏறி இறங்கும்போது கிராங்க் வேகத்தைப் போல இரண்டு மடங்கில் ஓர் அதிர்வு வரும், என்ஜின் பெரிதாகப் பெரிதாக அது தாங்க முடியாததாகிவிடும். அதை அடக்க இரண்டு சமநிலைத் தண்டுகளை இரண்டு மடங்கு வேகத்தில் எதிரெதிர்த் திசையில் சுழலவிட்டார்கள். லான்செஸ்டர் என்ற பிரிட்டிஷ் பொறியாளரின் பழைய யோசனை இது. இரு தண்டுகளையும் வெவ்வேறு உயரத்தில் வைக்கும் முறைக்கு மிட்சுபிஷி காப்புரிமை வைத்திருந்தது, போர்ஷே பணம் கட்டி வாங்கிக்கொண்டது. 924-இன் ஒரே பெரிய குறையான அந்தக் கரகரப்பு இப்படித்தான் ஒழிந்தது. 163 குதிரைத்திறன், கரேரா ஜிடியின் புடைத்த தோள்களை எஃகில் கொண்டுவந்த பாடி. அன்றுவரை போர்ஷே செய்ததில் மிக அதிகமாக விற்ற கார்களில் ஒன்றானது, எல்லா வகையும் சேர்த்து 1.6 லட்சத்துக்கும் மேல். அதுவும் நெக்கர்சுல்மில்தான் பிறந்தது.

இதற்கிடையே ஃபூர்மன் போய்விட்டார். 1981 தொடக்கத்தில் வந்த பீட்டர் ஷுட்ஸ், 911-ஐ நிறுத்தும் முடிவையே மாற்றினார். 924-ஐயும் 928-ஐயும் 911-இன் எதிரிகளாகப் பார்க்கும் ரசிகர் மனநிலை அங்கிருந்து வருவதுதான் என்று நினைக்கிறேன். 928 விஷயத்தில் அது நியாயம், 911-இன் இடத்தைப் பிடிக்க வந்த கார் அது. 924 அந்த இடத்தைக் கேட்டதே இல்லை, அதற்குக் கீழே நின்று சம்பாதித்துக் கொடுத்தது.

கடைசி வடிவம் 924 எஸ். பழைய ஆடி என்ஜினின் காலம் முடிந்துவிட்டதால், 1986 மாடலிலிருந்து 944-இன் 2.5 லிட்டர் என்ஜினையே கொஞ்சம் இறக்கி, 150 குதிரைத்திறனில், ஒல்லியான 924 பாடிக்குள் போட்டார்கள். 1988 மாடலில் அது 160 ஆனது, அந்த ஆண்டு 944-க்கும் அதே 160. எடை குறைவு, குறுகிய உடம்பு, காற்றுத் தடையும் குறைவு. அதனால் விலை குறைந்த கார், தன் அண்ணனை விடச் சற்று வேகமாகவே ஓடியது. இந்த வரிசையில் ஒன்றை எடுத்துக்கொள் என்றால் நான் தயங்காமல் கை வைப்பது 1988 மாடல் 924 எஸ் மேல்தான். முதல் நாள் வரைந்த வடிவம் கெடாமல், அதற்கு ஏற்ற என்ஜின் கடைசியில் வந்து சேர்ந்த கார் அது.

ஆனால் அப்போது காலம் மாறிவிட்டது. 1980களின் பிற்பாதியில் மார்க்குக்கு எதிராக டாலர் சரிந்தது. ஜெர்மனியில் கட்டி அமெரிக்காவில் விற்கும் காரின் விலை ஏறிக்கொண்டே போனது. மலிவான போர்ஷே என்பதற்கே பொருளில்லாமல் போகும் அளவுக்கு விலை உயர்ந்தபோது, அதே பணத்துக்கு ஜப்பானியக் கார்கள் கூடுதல் சக்தியோடு கிடைத்தன. 1988-இல், ஏறக்குறைய ஒன்றரை லட்சம் கார்களுக்குப் பிறகு, 924-இன் உற்பத்தியை நிறுத்தினார்கள். அந்த அடித்தளம் 944 ஆகவும், பிறகு 968 ஆகவும் 1995 வரை தொடர்ந்தது.